ஞாயிற்றுக்கிழமை முழுக்கு

என் மகளுக்கு முடி எவ்வளவு நீளம் என்று கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. குளியலறையில் கண்டிஷனர் பூசி ஒரு கற்றையை இழுத்துப் பிடித்தால் முதுகின் பாதிவரை வருகிறது. அதே கற்றை காய்ந்ததும் சுருண்டு ஏறிக் காதோரம் உட்கார்ந்துவிடுகிறது. ஜமைக்காவில் நீளமான முடியை ‘உயரமான முடி’ என்று சொல்வார்களாம். மாமி, என் கணவரின் அம்மா, அதைச் சொன்னபோது சிரித்தேன். யோசித்துப் பார்த்தால் மிகச் சரியான சொல்தான். இவளுடைய முடி கீழே இறங்குவதில்லை, வானத்தைப் பார்த்துத்தான் நிற்கிறது.

நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து, ரொறன்ரோவில் ஸ்காபரோப் பக்கம் வளர்ந்தவள். கணவரின் பெற்றோர் 1970களில் ஜமைக்காவிலிருந்து வந்தவர்கள். மகளுக்கு இப்போது 11 வயது. கண்ணும் பிடிவாதமும் எங்கள் பக்கம். தலைமுடி முழுக்க முழுக்க அப்பம்மா பக்கம். பிறந்தபோது மெல்லிய அலையாகத்தான் இருந்தது. இரண்டு வயதுக்குள் அது பேனாவின் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் போலச் சுருளத் தொடங்கியது. இந்த 11 வருடங்களில் நான் கற்றதைவிட மறக்க வேண்டியிருந்ததுதான் அதிகம். மறக்க வேண்டியிருந்தது, என் அம்மாவின் கை எனக்குக் கற்றுக் கொடுத்ததை.

அம்மாவின் கை என்றால் தெரியும்தானே. தலை நிறையத் தேங்காய் எண்ணெய், முழங்காலுக்கு இடையில் பிள்ளை, உச்சியிலிருந்து நுனிவரை ஒரே இழுவையில் சீப்பு, கண் மேலே ஏறும் அளவுக்கு இறுக்கிய இரட்டைப் பின்னல். அப்படித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். அதையேதான் மகளுக்கும் செய்தேன். காய்ந்த முடியில், உச்சியிலிருந்து, சின்னப் பல் சீப்பால்.

அந்தச் சத்தம் இன்றும் காதில் இருக்கிறது. பொரிவிளாங்காயைக் கடிப்பது போல ஒரு மொறுமொறுப்பு. அவள் அழுதாள், சீப்பில் இரண்டு பல் போயிற்று. விரித்திருந்த மஞ்சள் துவாயில் காற்புள்ளிகளைப் போலச் சின்னச் சின்னத் துண்டுகள் கிடந்தன. முடி கொட்டுகிறது என்று பயந்து மாமிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவர் அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கினார். துவாயை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு துண்டை விரலில் ஒட்டி எடுத்துக் காட்டினார். “இதன் முனையில் வெள்ளையாக ஒரு மொட்டு இருக்கிறதா? இல்லை. அப்படியென்றால் இது உதிர்ந்தது அல்ல, நீ ஒடித்தது.”

தானாக உதிரும் முடியின் ஒரு முனையில் வேரோடு வந்த சிறு வெள்ளைக் குமிழ் இருக்கும். யாருக்கும் ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடிவரை அப்படி உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் குட்டையாகக் கிடந்தால் அது நடுவில் ஒடிந்தது. இந்த ஒரு வித்தியாசம் தெரிந்திருந்தால் ‘முடி வளர்க்கும்’ எண்ணெய்களுக்கு நான் கொட்டிய டொலர்கள் மிஞ்சியிருக்கும். குளம் நிரம்பவில்லை என்றால் மழை பெய்யவில்லை என்று நாங்கள் நினைத்துக்கொள்கிறோம். மதகு திறந்திருக்கிறதா என்று போய்ப் பார்ப்பதில்லை. வேர் தன் பாட்டுக்கு மாதம் ஒரு சென்ரிமீற்றர் அளவில் வளர்த்துக்கொண்டுதான் இருக்கிறது (ஆப்பிரிக்க வழி முடியில் சராசரி அதைவிடச் சற்றுக் குறைவு). நுனி அதே வேகத்தில் ஒடிந்துகொண்டிருந்தால் ஆண்டுக்கணக்கில் முடி ஒரே நீளத்தில் நிற்கும். இந்தப் பிள்ளைக்கு முடி வளராது என்று ஊரும் சொல்லிவிடும்.

ஏன் இவ்வளவு எளிதாக ஒடிகிறது? என் முடி ஏறக்குறைய உருண்டையான இழை. மகளின் முடி வளைந்த வேர்க்குழியிலிருந்து தட்டையாக, நாடாவைப் போல வருகிறது. ஒவ்வொரு திருப்பமும் ஒரு பலவீனமான இடம். தோல் சுரக்கும் எண்ணெய், நேரான முடியில் வழுக்கிக்கொண்டு நுனிவரை இறங்கிவிடும். சுருளில் அது இறங்க வழியில்லை. ஆகவே உச்சியில் பிசுக்கும் நுனியில் வறட்சியும் ஒரே தலையில் இருக்கும். ரொறன்ரோவின் குளிர்காலத்தில் வீட்டுக்குள் ஹீட்டர் வேறு நாள் முழுவதும் காற்றை உலர்த்திக்கொண்டிருக்கும்.

அம்மாவிடம் இதற்கு ஒரு தீர்வு இருந்தது: மொட்டை. “கோயிலில் ஒரு தரம் வழித்துவிட்டால் அடுத்தது நேராக, அடர்த்தியாக வரும்.” வளைவு வேர்க்குழியில், தோலுக்குக் கீழே இருக்கிறது, சவரக்கத்தி மேலேதான் போகிறது என்று நான் விளக்கிய அன்று அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நேர்த்திக்காக மொட்டை போடுவது வேறு விஷயம். முடியின் குணத்தை மாற்ற என்று போட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

துவாயைப் பார்த்த அன்றிலிருந்து மாமி ஞாயிறுதோறும் வந்தார். கறுப்பினக் குடும்பங்களில் தலைகழுவும் நாளுக்குத் தனிப் பெயரே உண்டு, ‘வாஷ் டே’. எங்கள் ஊர் முழுக்கு நாளை நினைத்துக்கொள்ளுங்கள். அன்று வேறு வேலை வைத்துக்கொள்ள முடியாது. முதல் வாரங்களில் எங்களுக்கு மூன்று மணி நேரம் பிடித்தது. இப்போது ஒன்றேகால் மணி நேரம்.

நடப்பது இதுதான். முதலில் முடியை எட்டுப் பங்காகப் பிரித்துக் கிளிப் போடுவோம். ஒரு நேரத்தில் ஒரு பங்கு மட்டும் வெளியே வரும். தெளிப்பான் போத்தலில் இளஞ்சூட்டு நீர் எடுத்து நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் பூச வேண்டும். தாராளம் என்றால் மாமியின் கணக்கில், பாணுக்கு நான் பட்டர் பூசும் அளவுபோல மூன்று மடங்கு. கையில் வெண்டைக்காய்ப் பிசின் பட்டதுபோல வழுக்க வேண்டும். வழுக்காவிட்டால் சீப்பைத் தொடவே கூடாது. முதலில் விரல்கள். பெரிய சிக்குகளை விரலால் கோதிப் பிரித்த பிறகுதான் அகலப் பல் சீப்பு வரும், அதுவும் நுனியிலிருந்து. நுனியில் இரண்டு அங்குலம் சிக்கெடுத்துவிட்டு இன்னும் இரண்டு அங்குலம் மேலே போக வேண்டும். மற்றக் கையால் கற்றையை வேருக்குக் கிட்டப் பிடித்துக்கொண்டால் இழுவை தோலுக்குப் போகாது. சிக்கெடுத்த பங்கைத் தளர்வாக முறுக்கி ஒதுக்கிவிட்டு அடுத்த பங்கு.

ஷாம்பு தோலுக்கு மட்டும்தான். வழியும் நுரை முடியைக் கழுவிவிடும். எங்களைப் போல உச்சியில் குவித்துக் கசக்கினால், எடுத்த சிக்கு முழுவதும் திரும்பி வந்துவிடும். வாரத்துக்கு ஒரு தடவை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கழுவினால் போதும் என்றுதான் அமெரிக்கத் தோல்நோய் மருத்துவர் சங்கமும் கறுப்பினத்தவரின் முடிக்குச் சொல்கிறது.  துடைப்பதற்குத் துவாய் இல்லை, பழைய பருத்திச் சட்டை. துவாயின் நூல் வளையங்கள் சுருளைக் கொளுவிப் பிடிக்கும்.

அதன் பிறகு வருவதுதான் எனக்கு மண்டையில் ஏற நெடுங்காலம் எடுத்த பாடம். எண்ணெய் ஈரம் அல்ல. எங்கள் வீடுகளில் முடி காய்ந்திருக்கிறதா, எண்ணெய் வை என்போம். மாமியோ நனைந்த முடிக்குத்தான் எண்ணெய் வைப்பார். முதலில் தண்ணீரோ தண்ணீர் கலந்த கிரீமோ. அதன்மேல் எண்ணெய், உள்ளே போன நீர் ஆவியாகாமல் மூடுவதற்கு. வறண்ட முடியில் எண்ணெய் வைப்பது வெறும் பானைக்கு மூடி போடுவதுபோல. நான் இரண்டு வருடங்களாக வெறும் பானைக்குத்தான் மூடி போட்டிருந்தேன்.

தேங்காய் எண்ணெயை அதற்காகத் தள்ளிவைக்க வேண்டாம். அது முடியின் தண்டுக்குள் ஊறி, கழுவும்போது புரதம் வெளியேறுவதைக் குறைக்கிறது என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்ட விஷயம். ஆகவே தலைகழுவுவதற்கு முந்தைய இரவு கொஞ்சம் பூசுகிறேன். கழுவிய பிறகு பூசினால் மகளின் முடி வைக்கோல்போல விறைக்கிறது. எல்லாச் சுருள்முடிக்கும் இப்படி ஆகும் என்று சொல்லமாட்டேன். அவளுடையது அப்படி.

மாமியின் ஆயுதம் வேறு: கறுப்பு ஆமணக்கெண்ணெய். ஜமைக்காவில் ஆமணக்கு விதையை வறுத்து, இடித்து, தண்ணீரில் கொதிக்க வைத்து மேலே மிதப்பதை எடுக்கிறார்கள். வறுத்ததால் கறுப்பு, ஒரு புகை மணம். அந்தப் போத்தலை முதல் முறை திறந்தபோது குசினியில் இருந்த அம்மா எழுந்து வந்தார். முகர்ந்தார். “இது எங்கள் வீட்டில் காய்ச்சுவதுதானே! இவளுக்கு யார் காய்ச்சிக் கொடுத்தது?” என் அம்மம்மாவும் விதையை வறுத்து இடித்துத்தான் எண்ணெய் எடுப்பாராம், எனக்கு அது அன்றுதான் தெரியும். ஒரு சொல்கூடப் பொதுவாக இல்லாத இரண்டு கிழவிகள் அன்று அரை மணி நேரம், கையால் இடித்துக் காட்டியும் கிண்டிக் காட்டியும் பேசிக்கொண்டார்கள். பிரச்சினை என்னவென்றால் அன்று முதல் இருவரும் சேர்ந்துகொண்டார்கள். இதை வைத்தால் முடி வளரும் என்பதில் இரண்டு பேருக்கும் சந்தேகமே இல்லை.

எனக்குச் சந்தேகம் உண்டு. ஆமணக்கெண்ணெய் முடியை வளர வைக்கிறது என்பதற்கு நல்ல ஆய்வுச் சான்று கிடையாது. கனமான எண்ணெய், நன்றாக மூடும், பளபளப்புத் தரும். நுனி ஒடிவது குறைவதால் நீளம் கூடுவதுபோலத் தெரியும். அதற்கே அது நல்ல எண்ணெய்தான், இரண்டு துளிக்கு மேல் போகாதவரை. தோலில் பொடுகு இருக்கும்போது அதன்மேல் கனமான எண்ணெய் வைப்பது பொடுகை வளர்க்கும். ஆப்பிரிக்காவின் சாட் நாட்டுப் பெண்கள் நீண்ட முடிக்குப் பூசும் ஷெபே என்ற தூளின் கதையும் இதுதான். அதை எண்ணெயில் குழைத்து முடியின் தண்டில் பூசிப் பின்னிவிடுகிறார்கள், தோலில் தேய்ப்பதில்லை. வேரை அவர்கள் தொடுவதே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

இதுவரை சொன்னதெல்லாம் சின்னப் பிழைகள். பெரிய பிழை, மகளுக்கு ஆறு வயதாக இருந்தபோது.

மச்சாளின் கலியாணம். அடுத்தடுத்து நாலு விசேஷம். ஒவ்வொரு காலையும் தலையோடு மல்லுக்கட்ட முடியாது என்று ஒரு சலூனுக்குக் கூட்டிக்கொண்டு போய், செயற்கை முடி சேர்த்து இடுப்புவரை மெல்லிய பின்னல்கள் போடச் சொன்னேன். “இறுக்கமாகப் போடுங்கள், கொஞ்ச நாள் இருக்கட்டும்” என்று சொன்னது நான்தான். ஐந்து மணி நேரம். அன்றிரவு அவளால் தலையணையில் தலைவைக்க முடியவில்லை. நான் வலி மாத்திரை கொடுத்தேன். நெற்றி ஓரத்தில் அரிசி அரிசியாகப் பருக்கள் வந்தன. வியர்க்குரு என்று நினைத்தேன். கொடுத்த காசுக்காகப் பத்து வாரம் விட்டுவைத்தேன்.

அவிழ்த்தபோது முதலில் கை நிறைய முடி வந்தது. அது பயப்பட வேண்டியது அல்ல. பின்னலுக்குள் பத்து வாரமாகத் தினமும் உதிர்ந்தது போக வழியில்லாமல் அங்கேயே இருந்திருக்கிறது, முனையில் வெள்ளைக் குமிழும் இருந்தது. பயப்பட வேண்டியது காதுக்கு மேலே, இரண்டு நெற்றிப்பொட்டுகளிலும். இருபத்தைந்து சத நாணயம் அளவுக்குத் தோல் பளபளவென்று தெரிந்தது.

தோல் மருத்துவர் உருப்பெருக்கியால் பார்த்துவிட்டு, இழுவையால் வந்த முடியிழப்பு என்றார். ஆரம்பத்தில் இழுவையை நிறுத்திவிட்டால் திரும்ப வளரும். ஆண்டுக்கணக்கில் இழுத்தால் வேர்க்குழி தழும்பாகிவிடும், அதன் பிறகு எதை வைத்தாலும் வராது. எந்தக் களிம்பும் அவர் தரவில்லை. மாமி அன்று என்னோடு அதிகம் பேசவில்லை. வாசலில் சப்பாத்துப் போடும்போது மட்டும் சொன்னார்: “பிள்ளை வலிக்கிறது என்றால் அவிழ்க்க வேண்டும். மாத்திரை கொடுக்கக் கூடாது.”

ஒன்பது மாதம் எடுத்தது. முதலில் பூனைமயிர், பிறகு மெல்லிய சுருள். அந்தக் காலத்தில் ஓர் இரவு கண்ணாடியில் என் நெற்றியைப் பார்த்தேன். அம்மாவின் நெற்றியும் இப்படித்தான் அகலம். அது எங்கள் பரம்பரை நெற்றி என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். பரம்பரையாக வந்தது பின்னலா நெற்றியா என்று இப்போது நிச்சயமாகச் சொல்லமாட்டேன்.

பின்னல் கெட்டது என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நுனிகளை உள்ளே மடக்கி வைத்து, தினமும் கை படாமல் காப்பதற்குப் பின்னலைவிட நல்ல வழி இல்லை. எங்கள் வீட்டு விதி இப்போது: தடிப்பான பின்னல், குறைந்த பாரம், ஆறு வாரத்துக்கு மேல் இல்லை, அவிழ்த்தபின் இரண்டு வாரம் ஓய்வு, இடையில் தோலைக் கழுவுவது. பின்னி முடித்ததும் அவள் புருவத்தை உயர்த்திக் காட்ட வேண்டும். தோல் இழுபட்டால் கதிரையிலிருந்து இறங்க விடமாட்டேன்.

பொட்டில் முடி திரும்பியதும் வேறோர் இடத்தில் எனக்கு அறிவுரை கிடைத்தது: பேசாமல் நேராக்கிவிடுங்கள், பிள்ளைக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி. ஒரு களைத்த ஞாயிறு மாலையில் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. மாமியிடம் சொன்னேன். அவர் தலையைக் குனிந்து உச்சியைக் காட்டினார். 1970களின் கடைசியில் அலுவலக வேலைக்குப் போகத் தொடங்கிய நாளிலிருந்து இருபது வருடம், ஆறு வாரத்துக்கு ஒருமுறை, முடியை நேராக்கும் ரிலாக்ஸர் போட்டவர். சுருளோடு போனால் ‘தலைவாராமல் வந்திருக்கிறாய்’ என்பார்களாம். எரிந்தால் எரியட்டும் என்று இன்னும் ஐந்து நிமிடம் வைத்திருப்பாராம், நேராக வரட்டும் என்று. உச்சியில் ஐந்து விரல் வைக்கும் அளவுக்கு முடியே இல்லை.

வழக்கமான ரிலாக்ஸரில் இருப்பது சோடியம் ஹைட்ரொக்சைட், அதாவது சவர்க்காரம் காய்ச்சவும் குழாய் அடைப்பு எடுக்கவும் பயன்படும் காஸ்டிக் சோடா. அது முடியின் உட்கட்டுகளை உடைத்துத்தான் நேராக்குகிறது. உடைந்தது உடைந்ததுதான். 2022இல் அமெரிக்காவின் தேசியச் சுகாதார நிறுவனங்கள் நடத்திய ஆய்வொன்று வெளிவந்தது. முப்பத்துமூவாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பத்து ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து பார்த்ததில், 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வரும் வாய்ப்பு, நேராக்கும் பொருள்களைப் பயன்படுத்தாதவர்களுக்கு 1.64 சதவீதம் என்றும், ஆண்டுக்கு நாலு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்களுக்கு 4.05 சதவீதம் என்றும் கணக்கிட்டிருந்தார்கள். தொடர்பு இருக்கிறது என்பதுதான் அதன் முடிவு, இதுதான் காரணம் என்பது அல்ல. ஏழு வயதுப் பிள்ளைக்கு வேண்டாம் என்று முடிவெடுக்க எனக்கு அது போதுமாக இருந்தது. வளர்ந்தபின் அவள் வேறு முடிவெடுத்தால் அது அவள் தலை.

ஊர் வாய் பற்றி அதிகம் எழுதப் போவதில்லை. கோயிலில் கேட்காமலே கையை விட்டுத் தடவிப் பார்ப்பவர்கள் உண்டு. “பாவம், நல்ல நிறம், முடி மட்டும் இப்படி” என்று என் முகத்துக்கு நேரே சொன்னவர்களும் உண்டு. தமிழ் விளங்காது என்று நினைத்துச் சொல்வார்கள். அவளுக்கு நன்றாக விளங்கும்.

பொருள்கள் வாங்க எக்ளின்டன் மேற்கு வீதிக்குப் போவோம், லிட்டில் ஜமைக்கா என்று சொல்லும் பகுதி. 2011இல் தொடங்கிய ரயில் பாதை வேலை ஆண்டுக்கணக்காக வீதியைக் கிளறிப் போட்டதில் எத்தனையோ கடைகள் போய்விட்டன; மிஞ்சிய சலூன்களில் சனிக்கிழமை இன்றும் இடம் கிடைக்காது. அங்கே சுவர் முழுக்கப் போத்தல்கள். ஒரு காலத்தில் என் அலுமாரியில் 23 இருந்தன. இப்போது நான்கு: மென்மையான ஷாம்பு, வழுக்கும் கண்டிஷனர், கழுவாமல் விடும் கிரீம், ஓர் எண்ணெய். தெளிப்பான் போத்தலில் இருப்பது குழாய்த் தண்ணீர்.

இரவுக்கு சாட்டின் தொப்பி. அது தூக்கத்தில் கழன்று கட்டிலுக்கு அடியில் போய்விடும் என்பதால் தலையணை உறையும் வழுக்கும் துணியாக வேண்டும். பருத்தி ஈரத்தை உறிஞ்சும், உராயும். இதில் அம்மா செய்த உதவியைச் சொல்ல வேண்டும். யாரும் கேட்காமல், தன் பழைய பட்டுச் சேலை ஒன்றை வெட்டி, சரிகை படாத உடல் பகுதியில் இரண்டு உறை தைத்துக் கொடுத்தார். குளிர்காலக் கம்பளித் தொப்பிக்கும் உள்ளே அதே சேலையின் துண்டு. மொட்டைப் பேச்சு அதன் பிறகு வரவில்லை.

போன ஞாயிறு மாமி பின்னிவிட்டார். தோலோடு ஒட்டி வரிசை வரிசையாகப் போகும் அந்தப் பின்னலை அமெரிக்காவில் சோள வரிசை என்பார்கள், மாமிக்கு அது கரும்பு வரிசை. அவருடைய முன்னோர் அடிமைகளாக நின்ற வயல் அது. 74 வயதுக் கை, இன்னும் அளவுகோல் வைத்ததுபோல உச்சி பிரிக்கிறது. மூன்றாவது வரிசை பாதி போயிருந்தது. மகள் கையில் இருந்த புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், “இதில் கொஞ்சம் இறுக்கம்” என்றாள்.

மாமி ஒன்றும் சொல்லவில்லை. அந்த வரிசையை நெற்றிவரை அவிழ்த்துவிட்டு, தெளிப்பானை எடுத்து நனைத்து, மறுபடியும் தொடங்கினார்.